தையலுக்கு விட்ட இடம்

பிப்ரவரி 9

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் பூச்சி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சளி பிடித்தது, தானாகவே போய்விட்டது. உங்கள் கை எப்படி இருக்கிறது? ஊசி குத்தும் இடம் இன்னும் கன்றிப்போய் நீலமாகத்தான் இருக்கிறதா? சித்தப்பாவின் முதுகுவலி தேவலையா?

போனில் என் குரல் தகரத்தின் மேல் மழை பெய்வது போலக் கேட்கிறது, வார்த்தை மட்டும் வந்து சேரவில்லை என்றீர்கள். எனக்கும் பேசுவதைவிட எழுதுவதுதான் சுலபம். அதனால் இனிமேல் கடிதம்தான். டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்து படியுங்கள், பொழுதாவது போகும்.

வேலை பழகிவிட்டது. உங்கள் ஊரில் டயாலிசிஸ் மையத்தை நடத்தும் அதே நிறுவனம்தான் இங்கேயும் நடத்துகிறது. எந்த நோயாளி எந்த நாற்காலியில் எப்போது உட்கார வேண்டும் என்று ஒழுங்கு செய்வது என் வேலை. என் மேசைக்கு எதிரே ஒரு நீளப் பெஞ்சு. இன்னும் இடம் கிடைக்காதவர்கள் காலையிலேயே வந்து அதில் உட்கார்ந்துவிடுகிறார்கள், யாராவது வராமல் போனால் அந்த நாற்காலி கிடைக்குமே என்று. ஒருவர் வரவில்லை என்று தெரியும்போது இவர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்தை என்னால் பார்க்க முடிவதில்லை.

பெஞ்சு நிரம்பி வழிய, உள்ளே நாற்காலிகள் சும்மா கிடந்தன. எல்லோரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்கிறோம். ஊசி போடுகிறவர்கள் கடைசி ஆளிடம் வருவதற்குள் வெகுநேரம் ஆகிவிடுகிறது. அதனால் ஒருவர் பின் ஒருவராக வரும்படி ஓர் அட்டவணை போட்டேன். ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு நிறம். நீங்கள் சட்டை வெட்டும்போது தையலுக்கென்று ஓரத்தில் துணி விடுவீர்களே, அதுபோல ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் கொஞ்ச நேரம் விட்டேன். ஊசி போடத் தாமதமானாலும் யாருடைய நான்கு மணி நேர டயாலிசிஸும் குறையாது.

மேலாளர் அதைத் தலைமை அலுவலகக் கூட்டத்துக்கு எடுத்துப்போனார். என்னையும் கூட்டிப்போனார். நான் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவர்தான் பேசினார். ஆனால் அட்டவணை என்னுடையது.

தண்ணீரை அளந்து குடியுங்கள். பதில் போடுங்கள்.

பூச்சி


பிப்ரவரி 21

என் அருமைப் பூச்சிக்கு,

நாங்கள் சுகமாகத்தான் இருக்கிறோம். கை நீலம் மாறிப் பச்சையாகியிருக்கிறது, அடுத்து மஞ்சள் வரும், பிறகு சரியாகும். சித்தப்பாவின் முதுகு பேருந்து ஓட்ட உட்கார்ந்தால் நன்றாக இருக்கிறதாம், வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்கச் சொன்னால்தான் வலிக்கிறதாம்.

உன் கடிதத்தை நாற்காலியில் சாய்ந்துகொண்டு எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எனக்குக் காது மந்தம் என்பதால் எவ்வளவு சத்தமாகப் படித்தேன் என்று தெரியவில்லை. வாசலில் இருக்கும் காவலாளி உள்ளே வந்து, "அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

நம் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நீ. வீட்டுக்கு யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால் நின்ற பெண், பெரிய அதிகாரிகளோடு மேசையில் உட்கார்ந்தாள் என்றால் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் மையத்தில் ஊசி போடுவது ஒரே ஒரு பையன். ஊசித்தம்பி என்று கூப்பிடுகிறோம். பாவம், பம்பரமாகச் சுற்றுகிறான். உங்கள் அக்கா மகளை இங்கேயும் ஓர் அட்டவணை போடச் சொல்லுங்கள் என்கிறான். அக்கா மகள் இல்லை, என் மகளேதான் என்றேன்.

ஜன்னல் ஓர நாற்காலி இப்போதும் எனக்குத்தான். பள்ளிக்கூடச் சீருடைத் தையல் ஒரு மூட்டை வந்திருக்கிறது. மையத்துக்குப் போகாத நாட்களில் உட்கார்ந்து தைக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. கூட்டத்தில் கையை மேசைக்கு மேலே வை.

சித்தி


மார்ச் 14

அன்புள்ள சித்திக்கு,

எல்லோரும் நலமா? நான் நன்றாக இருக்கிறேன். கடிதத்தைச் சத்தமாகப் படிக்காதீர்கள், கூச்சமாக இருக்கிறது.

தலைமை அலுவலகத்தில் அட்டவணைக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். அதில் சில திருத்தங்கள் கேட்டார்கள், செய்து கொடுத்தேன். மூன்று ஷிப்ட் இருந்த இடத்தில் இப்போது நான்கு. பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேர் உள்ளே வந்துவிட்டார்கள். அதில் ஒரு பெரியவர், பூட்டு ரிப்பேர் செய்கிறவர், முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்ததும் கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது என்னோடதுதானே? நாளைக்கு வேற யாரும் கேக்க மாட்டாங்களே?" என்றார். இல்லை என்றேன். நான் சத்தமாகச் சொன்ன பதில் அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

எனக்குச் சக்கரம் வைத்த நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். மற்ற சில ஊர்களுக்கும் அட்டவணையை அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். எந்த ஊர்கள் என்று சொல்லவில்லை.

உங்கள் ஊசித்தம்பிக்குத் துணையாக இன்னொருவரைப் போட்டுவிட்டார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

சித்தப்பாவுக்கு என் அன்பு.

பூச்சி


ஏப்ரல் 11

என் பூச்சிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். வெயில்தான் ஆளைப் பிழிகிறது. தாகத்துக்கு ஒரு சின்னப் பனிக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு கன்னத்தை மாற்றி மாற்றி உருட்டுகிறேன். சித்தப்பா பார்த்துவிட்டு, பல் வலியா என்கிறார்.

எங்கள் மையத்துக்கும் புது அட்டவணை வந்துவிட்டது. சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள், வண்ணக் கட்டங்களோடு. அழகாக இருக்கிறது. ஊசி ஏறிய பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊசித்தம்பிக்குத் துணை யாரும் வரவில்லை. அவன் என்னிடம் வந்து சேர முன்னே பின்னே ஆகிறது. ஆனால் முடிகிற நேரம் மட்டும் சுவரில் போட்டபடி டாண் என்று முடிந்துவிடுகிறது. எனக்கு நல்லதுதான். சாயங்காலம் சித்தப்பா ஓட்டும் பேருந்திலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். டிக்கெட் எடுக்கச் சொல்லித்தான் தொந்தரவு செய்கிறார்.

எனக்கு அடுத்து என் நாற்காலிக்கு ஒரு சின்னப்பெண் வருகிறாள். தடிமனான கண்ணாடி போட்டிருப்பாள். இதற்கு முன் அவளுக்கு இடமே இல்லை, வேறு ஊருக்கு ரயிலில் போய் வந்துகொண்டிருந்தாளாம். பள்ளிக்கூடம் போகிற குழந்தை ஒன்று இருக்கிறது. இந்த அட்டவணையைப் போட்டவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்கிறாள்.

நீ இளைத்துவிட்டாய் என்று உன் அம்மா எழுதியிருக்கிறாள். என்ன கவலை உனக்கு?

சித்தி


ஏப்ரல் 16

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. உடனே எழுதுகிறேன்.

ஊசி ஏறிய நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து நான்கு மணி நேரம் ஆகும்வரை எழுந்திருக்காதீர்கள். சுவரில் என்ன போட்டிருந்தாலும் சரி. முடிந்ததும் எடை பாருங்கள். டாக்டர் சொன்ன எடைக்கு இறங்கவில்லை என்றால் உடம்பில் நீர் தங்கிவிட்டது என்று அர்த்தம். ஊசித்தம்பியிடம் கேளுங்கள். அவர் கேட்காவிட்டால் சத்தம் போடுங்கள். உங்களுக்குச் சத்தம் போடத் தெரியும்.

சீக்கிரம் வீட்டுக்கு வருவது நல்லதில்லை, சித்தி.

நான் இளைக்கவில்லை.

பூச்சி


மே 9

என் பூச்சிக்கு,

நலமாக இருக்கிறாயா? என்ன அவசரம் உனக்கு? கடிதம் டாக்டர் சீட்டு மாதிரி இருந்தது.

நீ சொன்னாயே என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். இயந்திரம் நின்றதும், "தம்பி, எனக்கு இன்னும் நேரம் இருக்கே" என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "இருக்கும்மா. ஆனா சுவத்துல இல்லையே" என்றான். கண்ணாடிப் பெண் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியின் கால்மாட்டில் நின்றிருந்தாள். நான் உட்கார்ந்தால் அவள் நிற்க வேண்டும், அவள் பிள்ளை இரவில் தூங்காமல் காத்திருக்க வேண்டும். எழுந்துவிட்டேன்.

நான் சண்டைக்காரிதான். துணிக்கடையில் அரை முழம் குறைந்தால் கடையையே இரண்டாக்கிவிடுவேன். ஆனால் இந்த இடத்தில் மட்டும் எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று கேட்காதே.

கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக நிற்கிறது. மிஷின் பெடலில் பாதம் அடங்கவில்லை, சீருடை மூட்டை அப்படியே கிடக்கிறது. அளவு நாடா வைத்துக் கணுக்காலை அளந்து பார்த்தேன். அளவைச் சொல்ல மாட்டேன், பெண்களிடம் கேட்கக்கூடாத விஷயம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ஒரு தலையணை கூடுதலாக வைத்தேன். அது போதவில்லை என்று சித்தப்பாவின் தலையணையும் என் பக்கம் வந்துவிட்டது. அவர் கையை மடித்து வைத்துக்கொண்டு தூங்குகிறார். இன்னும் இரண்டு நாளில் பேருந்து சீட்டைக் கழற்றிக்கொண்டு வருகிறேன், அதில் சாய்ந்துகொள் என்கிறார்.

இதெல்லாம் வெயிலால்தான். கவலைப்படாதே.

சித்தி


மே 14

அன்புள்ள சித்திக்கு,

இது வெயிலால் இல்லை. கால் வீங்குவதும், படுத்தால் மூச்சு முட்டுவதும் ஒரே காரணத்தால்தான். உடனே டாக்டரிடம் போங்கள். கூடுதலாக ஒரு தடவை டயாலிசிஸ் செய்யச் சொல்லிக் கேளுங்கள். சித்தப்பாவை விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கேயும் சிலருக்கு இதே மாதிரி ஆகிறது. பூட்டுக்காரப் பெரியவர் படி ஏறும்போது நின்று நின்று ஏறுகிறார். நேற்று மேலாளரின் அறைக்குப் போனேன். கதவருகே நிற்காமல் உள்ளே போய் நின்றேன். நேரம் குறைகிறது, நான்காவது ஷிப்டால்தான் என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தாராளமா எடுத்துடலாம். யார் யாரை வீட்டுக்கு அனுப்பலாம்னு நீங்களே எழுதிட்டு வாங்க. நீங்கதானே பெஞ்சுல இருந்து கூட்டிட்டு வந்தீங்க" என்றார்.

என் மேசையில் வந்து உட்கார்ந்தேன். ஒரு பெயரும் எழுத முடியவில்லை. ஊசி போட இன்னொருவரை வேலைக்கு வைத்தால் யாரையும் அனுப்ப வேண்டியதில்லையே என்ற பதில், வீட்டுக்கு வரும் வழியில் பாதி தூரத்தில்தான் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

உங்களைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. வேறு சிலவற்றையும் உங்களிடம் எழுத வேண்டும். அப்புறம் எழுதுகிறேன். முதலில் டாக்டர்.

பூச்சி


ஜூன் 3

அன்புள்ள சித்திக்கு,

நலமா? பதில் இல்லை. சித்தப்பாவின் போனும் எடுக்கப்படவில்லை. அம்மாவிடம் கேட்டால் வேலை மும்முரமாக இருக்கும் என்கிறாள். சீருடை மூட்டைதான் அப்படியே கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்களே.

ஒரு வரி போதும்.

பூச்சி


ஜூன் 9

மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. நான் நலம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, வண்டி மோதினால் அறிக்கை எழுதுவேன், இதுவும் அப்படித்தான் இருக்கும்.

உன் சித்தி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். போன வாரம் காலையில் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு மூச்சு வரவில்லை. உதடு கறுத்துவிட்டது. நான் பணியில் இருந்தேன், பக்கத்து வீட்டார் தூக்கிப்போயிருக்கிறார்கள். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார் டாக்டர். இரண்டு நாள் குழாய் வைத்து மூச்சு கொடுத்தார்கள். இப்போது பொதுவார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பேசுகிறாள். நர்சின் சட்டை தோள்பட்டையில் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால் பயமில்லை.

டயாலிசிஸ் நேரம் குறைந்ததுதான் காரணம் என்கிறார் டாக்டர். மையத்தில் போய்க் கேட்கிறேன் என்றேன். கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏன் என்று எனக்குத் தெரியும். அவளே உனக்குச் சொல்லட்டும்.

உன் அம்மாவிடம் மெதுவாகச் சொல்.

சித்தப்பா


ஜூன் 14

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் நலமாக வேண்டும். இதைத் தவிர இன்று எனக்கு விசாரிக்க ஒன்றுமில்லை. சித்தப்பாவின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உங்கள் மையத்துச் சுவரில் இருப்பது என் அட்டவணை. உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கலாம். ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் நேரம் விட்டிருந்தேன் என்று எழுதினேனே, அதை எடுத்தால்தான் நான்காவது ஷிப்ட் அடங்கும் என்றார்கள். அரசின் காப்பீட்டுத் திட்டத்திலிருந்து நிறுவனத்துக்குப் பணம் வருவது, நோயாளி எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பதற்கு இல்லை, எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பதற்கு. அரைகுறையாக முடித்தாலும் முழுதாக முடித்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். இன்னொரு ஆளை ஊசி போட வைத்தால் அது செலவு. அன்று கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாமதமானால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் இருந்தவர்களில் தினமும் நாற்காலிகளைப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான். "சரி சார்" என்ற சொல் என் வாயிலிருந்து வந்தது. என் கையாலேயே அந்த இடைவெளிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

உங்களுக்கு "திருத்தங்கள்" என்று எழுதினேன். பிறகு நேரம் கேட்டுச் சத்தம் போடுங்கள் என்று உங்களை ஏவினேன். நான் போடாத சத்தத்தை நீங்கள் போட வேண்டும் என்று.

கோபம் இருந்தால் அதையும் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

பூச்சி


ஜூன் 29

என் பூச்சிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். கால் சிறுத்து, பழைய செருப்பு தொளதொளவென்று இருக்கிறது. சித்தப்பாவின் தலையணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அட்டவணை ஒட்டிய அன்றே தெரியும். எலுமிச்சை, பாசிப்பச்சை, நீலம், அரக்கு. என் நூல்கண்டு டப்பாவின் வரிசை. பள்ளி விடுமுறையில் நீ அடுக்கி வைத்தது, நான் இன்றுவரை மாற்றவில்லை. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "எங்க வீட்டுப் பொண்ணு போட்டது" என்றேன். காவலாளி அதற்கு முன்னால் நின்று கைப்பேசியில் படம்கூட எடுத்துக்கொண்டார். அப்படிச் சொல்லிவிட்டு, அதில் நேரம் போதவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? ஊசித்தம்பி என்னிடம் வந்து, "உங்க பொண்ணு கணக்குப்படி முடிஞ்சுதும்மா" என்று சொல்லும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே எழுந்தேன். இதைத்தான் ஏன் என்று கேட்காதே என்றேன்.

நடுவில் இடம் விட்டதாக நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். இங்கே வந்ததில் ஓரமே இல்லை. யாரோ பெரிய அதிகாரி உனக்குத் தெரியாமல் வெட்டிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்தபோதும் அந்த ஆளைத்தான் திட்டினேன். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இந்தத் தடவை சத்தமாகப் படிக்கவில்லை. வலித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

நீ வாயை மூடிக்கொண்டாய், நானும் மூடிக்கொண்டேன். நீ பயத்தால், நான் பெருமையால். நடுவில் நான் போயிருப்பேன்.

கண்ணாடிப் பெண் பார்க்க வந்திருந்தாள். அவளுக்கும் கால் வீங்கியிருக்கிறது. அவளுக்கு அடுத்து யாரும் இல்லை, அவள்தான் கடைசி ஷிப்ட். ஆனாலும் நேரம் முடிந்தால் விளக்கை அணைத்துவிடுகிறார்களாம். நான் உட்கார்ந்தால் அவளுக்குத் தாமதமாகும், விளக்கு அவளுக்காகக் காத்திருக்குமா தெரியாது. இதை அவளிடமே சொன்னேன். "நீங்க உக்காருங்க, அப்புறம் நானும் உக்காருவேன், அணைக்கட்டும் பாக்கலாம்" என்றாள். சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது.

வரும் திங்கட்கிழமை நான் எழுந்திருக்கப்போவதில்லை. சுவரைக் காட்டினால், இந்த அட்டவணையைப் போட்ட பெண்ணே முழு நேரம் உட்காரச் சொல்லி எழுதியிருக்கிறாள், இடைவெளியை எடுத்தது தப்பு என்றும் சொல்லியிருக்கிறாள் என்று சொல்லப்போகிறேன். உன்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். வேலை போகலாம். கஷ்டப்பட்டுப் படித்து வாங்கிய வேலை. நீ வேண்டாம் என்றால் உன் பேச்சை எடுக்க மாட்டேன், வேறு ஏதாவது சொல்லி உட்கார்ந்துகொள்வேன்.

யோசித்து எழுது. வழக்கம்போல வீட்டுக்குப் போகும் வழியில் யோசிக்காதே.

சித்தி


ஜூலை 2

அன்புள்ள சித்திக்கு,

கடிதம் கிடைத்ததும் மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே பெஞ்சில் மறுபடியும் ஆட்கள் இருக்கிறார்கள். பூட்டுக்காரர் இன்று வரவில்லை. பெஞ்சில் யாரோ ஒருவர் எழுந்து நின்று உள்ளே பார்க்கிறார்.

மேலாளரின் அறைக்குக் காலையில் போனேன். ஊசி போட இன்னொரு ஆள் வேண்டும் என்றும், நடுவில் நேரம் விட்டு அட்டவணையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன் என்றும் சொன்னேன். உங்களைப் பற்றியும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறேன் என்றார். அனுப்புவாரா என்று தெரியவில்லை. குரல் எனக்கும் நடுங்கியது.

திங்கட்கிழமை உட்காருங்கள். சொல்லுங்கள். என் முழுப் பெயரைச் சொல்லுங்கள் சித்தி. பூச்சி என்றால் இங்கே யாருக்கும் தெரியாது.

உங்கள் மகள்